தூள் தண்ணியில் வரைந்த படம்

சாரல் பிடித்துவிட்டால் இலைக்கு நல்லது, தூளுக்குக் கேடு. வெயில் காலத்தில் முந்தின நாளே நனைத்துச் சாக்கில் சுற்றி வைத்தாலும் கத்தரி பட்டதும் ஒடிகிற பீடி இலை, பொதிகையிலிருந்து ஈரக்காற்று இறங்குகிற ஆனி ஆடியில் தானாகவே துணி மாதிரிக் குழைந்து கிடக்கும். ஆனால் புகையிலைத் தூள் நமுத்துப்போகும். சுற்றின பீடி காயாது. காயாத பீடியை, இலையும் தூளும் கொடுக்கிற கடையில் கொண்டுபோய் வைத்தால் முகர்ந்து பார்த்துக் கழித்துத் தள்ளிவிடுவார்கள். அதனால் விக்கிரமசிங்கபுரத்துக்குக் கிழக்கே அந்தத் தெருவில், அந்த மாதங்களில், எல்லா வீட்டு அடுப்பிலும் சோற்றுப்பானை இறங்கியதும் பீடித்தட்டு ஏறும். தணல் சூட்டில் பீடி காய்கிறபோது வீடு முழுக்க ஒரு காட்டம் நிற்கும். பிள்ளைகள் தும்மிக்கொண்டே பாடம் படிக்கும்.

அப்படியொரு காலையில்தான் முதல் அறிவிப்பு வந்தது.

வடிவம்மாளின் வீட்டு முன்னறையில் மூன்று பேர் தட்டை மடியில் வைத்துக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் சாய்ந்து வடிவம்மாள். அவளுக்கு எதிரே முத்துராணி. வாசல் பக்கம், போகிற வருகிறவர்களைப் பார்க்கத் தோதாக, எதிர்வீட்டுப் பேச்சித்தாய். வடிவம்மாளும் முத்துராணியும் அண்ணன் தம்பியைக் கட்டிய ஓரகத்திகள். அண்ணன் செத்துப்போய் வருஷங்களாகிவிட்டன. தம்பி செந்தூர்பாண்டி நூல்மில்லுக்கு ஷிப்டு போகிறான். ஒரே கொல்லை, இரண்டு அடுப்பு. ஆனால் எந்த அடுப்பில் குழம்பு நன்றாக வந்ததோ அதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் போகும்.

வடிவம்மாளின் தட்டுக்குப் பக்கத்தில் கிடந்த போன் கிணுங்கியது.

"ஏளா முத்து, ஒன் படக் கடையில இருந்து என்னமோ வந்திருக்கு, பாரு."

முத்துராணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் மாற்றுகிற இடத்தை அமுக்கினாள். எழுத்துக்கூட்டுகிறவள் மாதிரி மெதுவாக வாசித்தாள். "உங்கள் பதிவை நீக்கியுள்ளோம். இது நிர்வாணம் பற்றிய எங்கள் விதிகளுக்கு எதிரானது."

"நிர்வாணமா?" பேச்சித்தாயின் கை நின்றது. "இந்த வீட்டுலயா? யாரு படம்ளா?"

"அக்கா படம்."

பேச்சித்தாய் வடிவம்மாளைப் பார்த்தாள். சேலையின் இடப்பக்கம் தட்டையாக இறங்கியிருந்ததைப் பார்த்தாள். அப்புறம் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஏ யக்கா, இருந்தத ஆஸ்பத்திரியில அறுத்து எடுத்துட்டாவ. இல்லாததப் பாத்து எவனுக்கு வெக்கம் வந்துது?"

"வரச் சொல்லு அவனை," என்றாள் வடிவம்மாள். "இங்கன வந்து தேடிப் பாத்துட்டுப் போவட்டும். கெடைச்சா எனக்கும் குடுத்துட்டுப் போவச் சொல்லு."

மூன்று பேரும் தட்டுகள் குலுங்கச் சிரித்தார்கள். தூள் பறந்து பேச்சித்தாய்க்குத் தும்மல் வந்தது. வடிவம்மாள்தான் கடைசிவரை சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு. அந்தச் சிரிப்பை அப்படியே எடுத்து எங்கேயாவது பத்திரப்படுத்தியிருக்கலாம் என்று முத்துராணி பின்னால் பல தடவை நினைத்தாள்.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கை ஒருத்தருடையது, பேர் இன்னொருத்தருடையது. பீடிக்கடை பாஸ்புக்கு வடிவம்மாள் பேரில் இருந்தது. முத்துராணி கல்யாணமாகி வந்தபோது புதுப் பேர் சேர்க்கவில்லை. "என் புஸ்தகத்துலயே போட்டுக்கிடுவோம். நீ வேற நான் வேறயா?" என்றாள் வடிவம்மாள். அன்றிலிருந்து முத்துராணி சுற்றுகிற பீடியெல்லாம் வடிவம்மாள் சுற்றியதாகவே கடைக்குப் போயிற்று. மாமியார் பேரில் மருமகள், அக்காள் பேரில் தங்கச்சி என்று தெரு முழுக்க அப்படித்தான். யாரும் அதை ஒரு விஷயமாக நினைத்ததில்லை. இவர்கள் இரண்டு பேருக்கும் அதில் ஒரு நாளும் சண்டை வந்ததில்லை.

அதனால் படங்களைப் போட போனில் ஒரு பக்கம் திறக்க வேண்டும் என்று வந்தபோதும் முத்துராணி யோசிக்கவில்லை. அவளிடம் இருந்தது பொத்தான் போன். வடிவம்மாளிடம் மகன் சுடலைராஜ் சார்ஜாவிலிருந்து அனுப்பிய பெரிய போன். பக்கத்தைத் திறந்துகொடுத்தவள் அம்பை பஜாரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் ஷேக் மைதீனின் மகள் ஸமீஹா. முத்துராணி பிள்ளைகளின் பள்ளிக்கூடப் போட்டோவுக்குப் போன இடத்தில், கையில் சுருட்டி வைத்திருந்த படத்தை விரித்துப் பார்த்து, "இத நீங்களா வரைஞ்சிய?" என்று நாற்காலியை விட்டு எழுந்தவள்.

"எந்தப் பேருலக்கா தொறக்க?" என்று ஸமீஹா கேட்டாள்.

"அக்கா பேருலயே தொறம்மா. அவ்வொ நம்பரு, அவ்வொ போட்டோ."

"வரையுதது நீங்கல்லா?"

"எல்லாம் ஒண்ணுதான்."

பக்கத்துக்குப் 'பீடித்தட்டு' என்று பேர் வைத்தார்கள்.

முத்துராணிக்கு வரைவதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தட்டின் அடியில் மிஞ்சுகிற தூளைத் தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டினால் ஒரு பழுப்பு நிறம் வரும். ஒரு நாள் ஊறினால் தேநீர் நிறம், மூன்று நாள் ஊறினால் ஆற்று மணல் ஈரத்தில் கிடக்கிற நிறம். குச்சியில் துணி சுற்றி அதில் தொட்டு வரைவாள். தட்டை மடியில் வைத்தபடி வாய் பிளந்து தூங்கும் பேச்சித்தாய். பிள்ளையை மாரில் போட்டுக்கொண்டு இலை வெட்டுகிறவள். கடை வாசலில் பீடி கழிபடுவதைப் பார்த்து நிற்கிற முதுகுகள். படத்தைப் போன் மூலம் பக்கத்தில் ஏற்றிவிட்டு, யாரை வரைந்தாளோ அவளிடமே காகிதத்தைக் கொடுத்துவிடுவாள். அவர்கள் அதைக் கூரையில் செருகுவார்கள், ரேஷன் கார்டோடு வைப்பார்கள், தொலைப்பார்கள். போனிலும் இடம் பத்தாமல் அழித்துவிடுவாள். எல்லாம்தான் பக்கத்தில் இருக்கிறதே.

வடிவம்மாளின் படம் மட்டும் வேறு மாதிரி வந்தது.

பாளையங்கோட்டையில் ஆப்பரேசன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு வடிவம்மாளைக் குளிப்பாட்டுவது முத்துராணிதான். ஒரு மத்தியானம் முதுகு தேய்த்துக்கொண்டிருந்தபோது வடிவம்மாள் கேட்டாள். "பாக்க எப்படி இருக்குளா அது?"

"ஆறிட்டுக்கா."

"அத டாக்டரும் சொல்லுதாவ. எப்படி இருக்குன்னு கேக்கேன். நான் இன்னும் பாக்கல. குனிஞ்சு பாக்கவும் பயம், கண்ணாடியில பாக்கவும் பயம்." வடிவம்மாள் சொம்பை ஓரமாக வைத்தாள். "நீ வரைஞ்சு காட்டேன். ஒன் கையில பட்டு வந்தா பாத்துருவேன்."

கதவைச் சாத்திக்கொண்டு, ரவிக்கை இல்லாமல், தட்டை மடியில் வைத்து உட்கார்ந்தாள். மூன்று மத்தியானம் ஆயிற்று. படத்தைக் கையில் வாங்கி வடிவம்மாள் வெகுநேரம் பார்த்தாள். விரலால் தழும்பின் மேலே தடவினாள்.

"ஆத்துல வெள்ளம் வடிஞ்சதும் கரை கெடக்குமே, அப்படில்லா இருக்கு," என்றாள். "அசிங்கமா இல்லளா."

"அசிங்கம் இல்லக்கா."

"இதையும் ஒன் கடையில போடு. கட்டியத் தொட்டுப் பாத்துட்டும் ஆஸ்பத்திரிக்குப் போக வெக்கப்பட்டுக்கிட்டுக் கெடக்காளுவல்லா, அவளுவ பாக்கட்டும்."

அந்தப் படத்தைத்தான் எடுத்துவிட்டார்கள்.

ஸமீஹா மறுபரிசீலனைக்கு எழுதிப் போட்டாள். முடியாது என்று உடனே பதில் வந்தது. மனுஷர் யாரும் பார்ப்பதில்லை, எந்திரம்தான் பார்க்கிறது என்று ஸமீஹா சொன்னாள். பேச்சித்தாய் யோசனை சொன்னாள். "அந்த எடத்துல ஒரு எலைய வரைஞ்சு மூடிப் போடுளா. கோயில்ல செலைக்குச் சந்தனம் அப்புதாவல்லா, அது மாதிரி." முத்துராணிக்கு மனமில்லை. ஆனாலும் இன்னொரு தாளில், தழும்பின் மேல் ஒரு பீடி இலையை, நரம்பு நரம்பாக, வரைந்து ஏற்றினாள். மறுநாள் அதுவும் போயிற்று. இந்தத் தடவை காரணம் வேறு. புகையிலைப் பொருள் விற்பனைக்கு அனுமதி இல்லை.

"அட சவமே," என்றாள் வடிவம்மாள். "ஒடம்பக் காட்டாதங்கான். தொழிலையும் காட்டாதங்கான். பெறவு என்னத்தக் காட்ட, பல்லையா?"

"பல்லும் வெத்தலக் கறையா இருக்கே யக்கா, அதுக்கும் எடுத்துருவான்," என்றாள் பேச்சித்தாய்.

அப்போதெல்லாம் அது மூன்று பேரும் ஒரு பக்கம் நின்று, கண்ணில் தெரியாத எவனையோ திட்டுகிற விளையாட்டாக இருந்தது. முத்துராணிக்கு அதில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

அந்த வாரம் சென்னையிலிருந்து ஒரு கடிதம் பக்கத்துக்கு வந்தது. பெண்கள் வரைந்த படங்களுக்கு ஒரு கண்காட்சி வைக்கிறார்கள். 'பீடித்தட்டு' பக்கத்தைத் தங்கள் குழு முழுவதும் பார்க்கப் போகிறது. நீக்கப்படுவதற்கு முன் ஒரு படத்தைப் பார்த்தவர்கள் அதைப் பற்றிச் சொன்னார்கள். அது திரும்ப வந்தால் அதை நடுவில் வைக்க விரும்புகிறோம். ஸமீஹா அதை வாசித்துச் சொன்னபோது முத்துராணி இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். அவள் மெட்ராஸைப் பார்த்ததில்லை. தூள் தண்ணி அவளுக்கு முன்னால் அங்கே போகப்போகிறது.

ஸமீஹா இரண்டாம் தடவை எழுதினாள். இது நோயில் மார்பை இழந்த பெண்ணின் தழும்பு, இதை அனுமதிப்பதாக உங்கள் விதியிலேயே இருக்கிறது என்று அந்த வரியையே எடுத்துப் போட்டாள். யாரோ ஒரு மனுஷர் பார்த்திருக்க வேண்டும். படம் திரும்ப வந்தது.

வந்தது மட்டுமில்லை, பரவியது. ஆஸ்பத்திரி நர்சுகள் பகிர்ந்தார்கள். சங்கரன்கோவிலிலிருந்து, திருச்சியிலிருந்து, எங்கெங்கோ இருந்து பெண்கள் எழுதினார்கள். ஒருத்தி, 'எனக்கும் இப்படித்தான், என் வீட்டுக்காரர் இன்னும் பார்த்ததில்லை' என்று எழுதியிருந்தாள். முத்துராணி வாசிக்க வாசிக்க வடிவம்மாள் இலை வெட்டிக்கொண்டே, "பாவி மக்கா, பாவி மக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு கொஞ்சநாளில் வடிவம்மாளின் பேச்சு குறைந்தது. போன் கிணுங்கினால் கொல்லைக்கு எடுத்துக்கொண்டு போனாள். ஒரு சாயங்காலம் முத்துராணி பாத்திரம் கழுவ வந்தபோது, முருங்கை மரத்தடியில் வடிவம்மாள் போனை முகத்துக்கு நேரே பிடித்து, தலையை மெதுவாக இடப்பக்கம் திருப்பினாள், பிறகு வலப்பக்கம் திருப்பினாள். மகனுக்குக் காதில் போட்ட புதுக் கம்மலைக் காட்டுகிறாள் போலிருக்கிறது என்று முத்துராணி நினைத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்துப் பக்கத்தைத் திறந்தால் வெறும் கட்டம் வந்தது. ஒரு படமும் இல்லை. பக்கமே இல்லை.

"என்னக்கா, எல்லாமே போச்சே!"

"அப்படியா?" என்றாள் வடிவம்மாள், அடுப்பிலிருந்த தட்டைத் திருப்பி வைத்துக்கொண்டே. "அந்தக் கம்பெனிக்காரனுவளுக்கு வேற வேலை இல்ல."

முத்துராணி மறுநாளே வடிவம்மாளின் போனை எடுத்துக்கொண்டு அம்பைக்குப் பஸ் ஏறினாள்.

கடையில் ஸமீஹா யாருக்கோ கல்யாண ஆல்பம் சேர்த்துக்கொண்டிருந்தாள். "வாங்கக்கா, இரிங்க. டீ சொல்லட்டா?"

"மொதல்ல பாரும்மா. முந்தி மாதிரி எழுதிப் போட்டா வந்துரும்லா? சென்னைக்காரவ பாக்க நாள் நெருங்குது."

போனை வாங்கி ஸமீஹா அறிவிப்பை வாசித்தாள். மேலே தள்ளி மறுபடியும் வாசித்தாள். கல்யாணப் பெண்ணின் படம் கம்ப்யூட்டரில் அப்படியே சிரித்துக்கொண்டிருந்தது.

"இது அவங்களாப் பாத்து எடுத்தது இல்லக்கா."

"பின்ன?"

"படத்துல இருக்கவங்களே புகார் குடுத்திருக்காங்க. 'இது என் உடம்பு. என் அனுமதியில்லாம போட்டிருக்காங்க'ன்னு."

"எவளாவது அக்கா பேரச் சொல்லிக் குடுத்திருப்பா. வயித்தெரிச்சல் பிடிச்ச மூதி."

ஸமீஹா தலையை நிமிர்த்தவில்லை. "அப்படிக் குடுக்க முடியாதுக்கா. அவங்கதான்னு உறுதி கேக்கும். போன மொகத்துக்கு நேரா வச்சு, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திரும்பச் சொல்லும். திரும்பிக் காட்டியிருக்காங்க."

முத்துராணிக்கு முருங்கை மரம் ஞாபகம் வந்தது. இலை உதிர்ந்து கிடந்த தரையும், அந்த முகம் பைய இடப்பக்கம் போய் வலப்பக்கம் வந்ததும். வெளியே யாரோ ஆட்டோவுக்குக் கைதட்டிக் கூப்பிட்டார்கள்.

"ஒரு படத்துக்குத்தான புகாரு? மத்தது எதுக்குப் போச்சு?"

"பக்கமும் அவங்க பேருல. இந்தப் பக்கம் என்னுது இல்ல, என் பேரை வச்சு வேற யாரோ நடத்துதாங்கன்னு அதையும் சேத்து அமுக்கியிருக்காங்க. திரும்பக் கேக்கணும்னா அவங்கதான் கேக்கணும்." போனைத் திருப்பிக் கொடுத்தாள். "ஒங்க பேரு எங்கயுமே இல்லக்கா. நானாவது படத்த எறக்கி வச்சிருக்கணும். எங்கயும் போயிராதுன்னு நெனச்சிட்டேன். பகிர்ந்தவங்ககிட்டயும் வெறுங்கட்டம்தான் நிக்கி."

முத்துராணி போனைப் பைக்குள் போட்டாள்.

"சென்னைக்காரங்ககிட்ட நான் பேசட்டா? நடந்தத நடந்தபடி சொல்லுவோம்."

"என்னன்னு சொல்லுவ? எங்க அக்கா பொய் சொல்லுதான்னா?"

டீ வந்தது. ஆடை படிந்து ஆறியது.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. சாரல் முகத்தில் அடித்தது. கார் நெல்லுக்கு நட்டிருந்த வயல்களில் தண்ணீர் நின்றது. தாமிரபரணி கலங்கலாக, கரையை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தது. எந்திரம் படத்தை எடுத்தபோது அவளுக்கு வலிக்கவில்லை. அதற்கு அவளைத் தெரியாது. ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கடியில் துண்டை விரித்துப் படுத்தது, ரத்தம் வடிகிற குழாயைப் பிடித்துக்கொண்டு கக்கூசுக்குக் கூட்டிப்போனது எதுவும் அதற்குத் தெரியாது. தெரியாதவன் செய்கிற அநியாயத்தை மூன்று பேர் உட்கார்ந்து சிரித்துவிடலாம். தெரிந்தவள் செய்தால் யாரோடு சேர்ந்து சிரிப்பது?

அதற்குக் கீழே இன்னொன்றும் புரண்டது. அது அக்கா உடம்புதானே. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு உரிமை உண்டுதானே. உண்டு. என்னிடம் சொல்லியிருந்தால் இந்தக் கையாலேயே அழித்திருப்பேன். முத்துராணி இதை எத்தனை தடவை புரட்டினாலும் அதே இடத்தில் வந்து நின்றது. வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. தன்னைக் கேட்கவேயில்லை என்று சொல்லியிருக்கிறாள்.

வீட்டில் உளுந்தஞ்சோறு பொங்கின வாசனை வந்தது. வடிவம்மாள் எள்ளுத் துவையல் அரைத்து வழித்துக்கொண்டிருந்தாள். முத்துராணியின் முகத்தைப் பார்த்ததும் கை வேகம் குறைந்தது.

"நனைஞ்சிருக்க. தலையத் தொவட்டு. சூடா ரெண்டு வாய் தின்னு."

"நீதானாக்கா?"

வடிவம்மாள் அம்மியைக் கழுவினாள். கழுவின அம்மியை மறுபடியும் கழுவினாள்.

"தின்னுட்டுப் பேசுளா."

"தின்ன மாட்டேன். நீதானா?"

"அவன் அழுதாம்ளா." வடிவம்மாள் கையை உதறிவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள். "கூட இருக்கவன் எவனோ காட்டியிருக்கான். 'ஏலே சுடலை, இது ஒங்க அம்மைல்லா'ன்னு. அந்த ரூம்புல பத்துப் பேரு. சோறு திங்காமக் கெடந்திருக்கான். போன்ல தேம்புதான், சின்னப் பிள்ளை மாதிரி. 'எம்மா, ஒனக்குத் தெரிஞ்சா போட்டாவ'ன்னு கேட்டான். நான் என்னத்தச் சொல்ல? 'எனக்குத் தெரியாதுய்யா'ன்னு வாயில வந்துட்டு. ஒரு வார்த்தைதான். பெறவு அவன் இங்கன அமுக்கு, அங்கன அமுக்குன்னான். அமுக்குனேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா, எடுத்துருன்னு. அப்பமே எடுத்திருப்பேனே."

"நான் சொல்லி நீ எடுத்தா, எனக்குத் தெரிஞ்சுதான் போட்டதுன்னு அவனுக்கு ஆயிரும்லா."

முத்துராணி அவளையே பார்த்தாள். இதை வடிவம்மாள் பதற்றத்தில் சொல்லவில்லை. யோசித்து வைத்திருந்தாள். முருங்கை மரத்தடிக்குப் போவதற்கு முன்பே, பக்கத்தில் உட்கார்ந்து இலை வெட்டிக்கொண்டே, அந்தப் பெண்களின் கடிதங்களைக் கேட்டுக்கொண்டே யோசித்திருக்கிறாள்.

"பேச்சி படம், மத்தவ படம் எல்லாமுங்கூடப் போச்சுக்கா."

"அதெல்லாம் போவும்னு எனக்குத் தெரியாதுளா. சத்தியமாத் தெரியாது."

போன் கிணுங்கியது. சுடலைராஜ் வேலை முடிந்து கூப்பிடுகிற நேரம். வடிவம்மாள் சேலையைச் சரிசெய்துகொண்டு, முத்துராணி கொண்டுவந்து வைத்திருந்த போனை எடுத்தாள். சாப்பிட்டாயா, அங்கே வெயில் எப்படி என்று பேசினாள். பிறகு அவளுடைய குரல் இறங்கியது. "இருக்கா. இங்கனதான் நிக்கா." போனை நீட்டினாள். வாய் அசையாமல் கண் மட்டும் எதையோ கேட்டது. முத்துராணிக்கு அது என்னவென்று புரிந்தது.

திரையில் சுடலைராஜின் முகம் கறுத்து, தாடி வளர்ந்து இருந்தது. அவன் நடை பழகியது இந்தக் கொல்லையில், இவள் விரலைப் பிடித்துத்தான்.

"சித்தி."

"என்னய்யா."

"ஆஸ்பத்திரியில நீங்கதான் கெடந்திய. நான் மறக்கல. அதனால சண்டை போடக் கூப்பிடல. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். அம்மைக்குத் தெரியாமத்தான் போட்டியளா?"

அடுப்பில் தட்டு காய்கிற காட்டம் மூக்கில் ஏறியது. 'இல்லய்யா, உங்க அம்மைதான் வரையச் சொன்னா, அவதான் போடச் சொன்னா' என்று சொல்ல வேண்டியதுதான். அப்படிச் சொன்னால் வடிவம்மாளே திரும்பக் கேட்கலாம், பக்கம் வரலாம், சென்னைக்காரர்கள் பார்க்கலாம். ஆனால் இந்தப் பயல் இன்றைக்கும் சாப்பிடமாட்டான். தன் தாய் தன்னிடமே பொய் சொன்னாள் என்று அந்தப் பத்துப் பேர் அறையில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடப்பான். வடிவம்மாளின் மூச்சு பின்னால் கேட்டது.

"ஆமாய்யா. தெரியாமத்தான் போட்டேன்."

"ஏன் சித்தி அப்படிச் செஞ்சிய?"

"பேரு கெடைக்கும்னு நெனச்சேன்."

வடிவம்மாள் சட்டென்று போனை வாங்கிக்கொண்டாள். "நான் சொன்னேம்லா ராசா. விட்டுரு. அவளுக்கு அவ்வளவுதான் வெவரம். கெட்டவ இல்ல, புத்தி பத்தாது. நீ போய்ச் சாப்பிடு."

முத்துராணி தானே விரும்பித் தலையைக் கொடுத்த இடம்தான். பொய்யையும் அவளே சொன்னாள். ஆனால் 'புத்தி பத்தாது' என்கிற அந்த இரண்டு வார்த்தையை யாரும் சொல்லச் சொல்லவில்லை. அது இல்லாமலே அவன் நம்பியிருப்பான். எவ்வளவு லேசாக வந்தது அக்காவின் வாயில்!

அவள் முன்னறைக்கு வந்து உட்கார்ந்தாள். சாரல் ஓட்டில் பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து வடிவம்மாள் தட்டில் சோறும் துவையலும் எடுத்துக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் வைத்தாள். தானும் எதிரே, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். மகன் சாப்பிடப் போய்விட்டான் என்கிற நிம்மதி முகத்தில் இருந்தது. அதை மறைக்கவும் தெரியாமல் விரலை நெரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏளா."

முத்துராணி திரும்பவில்லை.

"அது இந்தப் போனுக்குள்ள எங்கயாவது கெடக்குமா?"

"எது?"

"என் படம்."

"பெட்டியில வச்சிருந்தியே, தாளு."

"எரிச்சாச்சு. அவன் போன்ல பாத்துக்கிட்டே இருந்தான், நான் அடுப்புல போட்டேன்." வடிவம்மாள் நெரித்த விரலைப் பிரித்து மடியில் வைத்தாள். "ஊருக்குத் தெரியாமத்தான் போவும், நமக்குள்ள இருக்கும்னு நெனச்சேன். உள்ளுக்க எங்கயாவது. ஒருக்கா காட்டேன். பாத்துட்டுத் தந்துருதேன்."

"இல்லக்கா. எங்கயும் இல்ல."

வடிவம்மாளுக்கு அது உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. இறங்கியபோது அவளுடைய கை தன்னாலே இடப்பக்கம் போய், சேலையின் மேல் தட்டையாக நின்றது. "அதுலதான நான் பாத்தேன். வேற எதுலயும் பாக்கலையே." எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பீடித்தட்டை எடுத்து மடியில் வைத்தாள். ரவிக்கையின் முதல் கொக்கியைக் கழற்றினாள். "வரைளா. எங்கயும் போட வேண்டாம். யாருக்கும் காட்ட வேண்டாம். எனக்கு மட்டும்."

முத்துராணி அசையாமல் இருந்தாள். கோபம் என்று சொல்ல முடியாது. அழுகையும் வரவில்லை. அந்த உடம்பு அவளுக்கு மனப்பாடம். எந்த இடத்தில் தோல் சுருங்கும், எந்த இடத்தில் மினுங்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு வரைவாள். கொடு என்று கேட்டால் கை எடுத்துக் கொடுத்துவிடும். கைக்கு மானரோஷம் கிடையாது.

"வரையுதேன்க்கா," என்றாள். "மொதல்ல மொகத்துல இருந்துதான் ஆரம்பிப்பேன். என் மூஞ்சியப் பாரு."

வடிவம்மாள் நிமிர்ந்தாள். அவளுடைய பார்வை சோற்றுத் தட்டிலிருந்து எழும்பி, முத்துராணியின் கைக்கு வந்தது, கழுத்துக் கயிற்றுக்கு வந்தது. அங்கேயே நின்றது. மறுபடியும் கீழே போய், மறுபடியும் எழும்பிப் பார்த்தது. கயிற்றுக்கு மேலே அதனால் ஏற முடியவில்லை.

"பாக்கேன், பாக்கேன், இரு," என்றாள் வடிவம்மாள்.

முத்துராணி காத்திருந்தாள்.